டுபாயில் வேலை, சார்ஜாவில் வீடு: இலாபம் யாருக்கு?

காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் ஏதாவது ஒரு ஒழுங்கைக்குள் நுழைந்து பத்து வீட்டுக் கதவைத் தட்டினால், வளைகுடாவில் ஒரு பிள்ளையாவது இருக்கும் வீடுகள் அதில் பல இருக்கும். பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துக் கலியாணம் செய்யும் வழக்கமுள்ள ஊர்கள் இவை. காணியோ, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக நெருக்கிக்கொண்டு நிற்கிறது. ஆகவே ஒரு பேர்ச் காணி வாங்கவும் அதில் சுவர் எழுப்பவும் கூரை போடவும் பணம் தேடி நமது இளைஞர்கள் விமானம் ஏறுகிறார்கள். அங்கே போய் இறங்கியதும் அவர்கள் எடுக்க வேண்டிய முதல் வியாபாரத் தீர்மானம் எங்கே குடியிருப்பது என்பதுதான். சம்பளத்தைத் தீர்மானிப்பது கம்பனி. வாடகையைத் தீர்மானிப்பது நாம். ஆனால் இந்த விடயத்தில் கணக்குப் பார்ப்பவர்கள் குறைவு. நண்பர் இருக்கும் இடத்தில் போய்த் தங்கிவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது.

நான் சரக்கு எடுப்பதற்காகப் பல வருடங்களாக டுபாய்க்குப் போய் வருகிறவன். டெய்ராவிலும் தங்கியிருக்கிறேன். சார்ஜாவின் ரோலாப் பகுதியில் என் ராத்தாவின் மகனுடனும் தங்கியிருக்கிறேன். கண்ணால் கண்டதையும் விசாரித்து அறிந்ததையும் வைத்து, டுபாய்க்கு வேலைக்குப் போகிறவர்கள் வீடு தேடுமுன் பார்க்க வேண்டிய கணக்கை இந்த வாரம் எழுதுகிறேன்.

எங்கெங்கே மலிவு?

டுபாய் நகரின் நடுப்பகுதியில் குடும்பத்தோடு வாடகைக்கு இருப்பது நடுத்தரச் சம்பளக்காரருக்குக் கஷ்டம். அதனால் நம்மவர்கள் நான்கு பக்கம் சிதறுகிறார்கள்.

முதலாவது, சார்ஜா. அல் நஹ்தா, அல் தஆவுன், அல் மஜாஸ், ரோலா, முவைலிஹ் என்று பகுதிகள் உண்டு. அல் நஹ்தா என்ற பெயர் எல்லைக்கு இரண்டு பக்கத்திலும் இருக்கிறது. ஒரு பக்கம் டுபாய், மறுபக்கம் சார்ஜா. நடுவில் ஒரு வீதிதான். ஆனால் வாடகையும் சட்டமும் மாறிவிடும். சார்ஜாவில் 1985ஆம் ஆண்டு முதல் மதுவுக்குத் தடை இருப்பதால், பிள்ளைகளோடு இருக்கும் நம் குடும்பங்கள் பல அதையே விரும்புகின்றன.

இரண்டாவது, அதற்கும் அப்பால் அஜ்மான். வாடகை இன்னும் குறைவு. ஆனால் டுபாயில் வேலை செய்பவர் சார்ஜாவைக் கடந்துதான் தினமும் போய் வர வேண்டும்.

மூன்றாவது, டுபாய்க்குள்ளேயே பாலைவனப் பக்கமாக எழும்பிய இண்டர்நெஷனல் சிட்டி. நகீல் நிறுவனம் கட்டியது. இங்கிலாந்து, பிரான்ஸ், ஸ்பெயின், சீனா, மொரோக்கோ என்று நாடுகளின் பெயரில் பிரிவுகள். பக்கத்தில் சீனச் சரக்கு விற்கும் ட்ராகன் மார்ட் 2004இல் திறக்கப்பட்டது. வியாபாரிகள் பலருக்கு இந்த இடம் பழக்கம். பெரும்பாலும் ஓர் அறை வீடுகளும், ஸ்டூடியோ என்று சொல்லப்படும் ஒற்றை மண்டபமும். டுபாய்க்குள் மலிவான இடங்களில் இதுவும் ஒன்று. அருகே அல் அவீர் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருப்பதால் வாடை பற்றிய முறைப்பாடுகள் இங்கு நெடுநாள் கேட்டன. எந்தப் பிரிவில் வீடு என்பதைப் பார்த்து எடுக்க வேண்டும்.

நான்காவது, தனியாட்கள் தங்கும் கட்டில் வாடகை. இதைப் பற்றிக் கீழே தனியாக எழுதுகிறேன்.

வாடகை மட்டும் செலவல்ல

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது உதாரணத்துக்குத்தான். உங்கள் தொகையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

டுபாய் எல்லைக்குள் ஒரு வீடு வருடத்துக்கு 48,000 திர்ஹம், அதே அளவு வீடு சார்ஜாவில் 30,000 திர்ஹம் என்று வைப்போம். வித்தியாசம் 18,000. மாதத்துக்கு 1,500. டுபாயில் மாநகர சபை வீட்டு வரியாக வருட வாடகையில் 5 வீதம், மாதாமாதம் மின்சார, தண்ணீர்ப் பட்டியலோடு சேர்ந்து வரும். 48,000க்கு அது மாதம் 200. ஆக சார்ஜாவில் இருப்பவருக்கு மாதம் 1,700 திர்ஹம் மிச்சம் என்று தோன்றும். இந்த இடத்தில்தான் பலர் கணக்கை நிறுத்திவிடுகிறார்கள்.

இனிச் செலவுப் பக்கம். சார்ஜாவிலிருந்து டுபாய்க்கு பஸ் ஒருவழிக் கட்டணம் 12 திர்ஹம் என்றால், மாதம் 26 வேலை நாளுக்கு 624. டுபாய்க்குள் இருப்பவர் பஸ்ஸும் மெட்ரோ ரயிலுமாக ஒருவழிக்கு 5 திர்ஹம் கொடுத்தால் 260. வித்தியாசம் 364. அதைக் கழித்தால் மிச்சம் 1,336 திர்ஹம்.

இப்போது நேரம். அல் இத்திஹாத் வீதியில் காலையிலும் மாலையிலும் வாகனங்கள் நகருகிற நகர்வை அங்கு போனவர்கள் அறிவார்கள். வாசலிலிருந்து வேலைத்தலம் வரை ஒன்றரை மணித்தியாலம் என்று வைத்தால், போக வர மூன்று மணித்தியாலம். மாதம் 78 மணித்தியாலம். டுபாய்க்குள் இருப்பவருக்கு ஒருவழி 40 நிமிடம் என்றால் மாதம் ஏறத்தாழ 35 மணித்தியாலம். வித்தியாசம் 43 மணித்தியாலம்.

நான் வியாபாரி. எதையும் விலை போட்டுத்தான் பார்ப்பேன். 1,336 திர்ஹத்துக்காக 43 மணித்தியாலத்தைக் கொடுக்கிறோம். வகுத்துப் பார்த்தால் ஒரு மணித்தியாலம் 31 திர்ஹம் வீதம் விற்கிறோம்.

இது நல்ல விலையா? உங்கள் சம்பளத்தைப் பாருங்கள். மாதம் 4,000 திர்ஹம் வாங்குபவர், 26 நாள், எட்டு மணித்தியாலம் வேலை செய்தால், அவருடைய ஒரு மணித்தியாலத்தைக் கம்பனி 19 திர்ஹத்துக்கு வாங்குகிறது. அதையே அவர் வீதிக்கு 31 திர்ஹத்துக்கு விற்கிறார். அவருக்கு சார்ஜா இலாபம். 8,000 திர்ஹம் வாங்குபவருடைய மணித்தியாலம் 38 திர்ஹத்துக்கு மேல். அவர் 31க்கு விற்றால் நட்டம். மேலதிக வேலையோ, சிறு கைவியாபாரமோ, ஒரு படிப்போ செய்யக்கூடியவராக இருந்தால் நட்டம் இன்னும் கூடும். ஒரே வீதியில், ஒரே பஸ்ஸில் போகும் இரண்டு பேரில் ஒருவருக்கு சரியான தீர்மானம் மற்றவருக்குப் பிழையாகிவிடுகிறது. நண்பனைப் பார்த்து வீடு எடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

கார் வாங்கினால் கணக்கு வேறு

சார்ஜாவில் மலிவாக வீடு எடுத்துவிட்டு, பஸ்ஸில் போக அலுத்து ஆறு மாதத்தில் தவணைக்கு ஒரு கார் எடுப்பவர்கள் அநேகர். டுபாயில் வீதிக் கட்டணமான சாலிக் 2007 ஜூலை முதல் இருக்கிறது. சார்ஜா எல்லையருகே அல் மம்ஸர் கட்டண வாயில்கள் 2013இல் வந்தன. 2025 ஜனவரி 31 முதல் நேரத்துக்கு நேரம் கட்டணம் மாறுகிறது. வேலை நாட்களில் காலை 6 முதல் 10 வரையும் மாலை 4 முதல் இரவு 8 வரையும் ஒரு வாயிலுக்கு 6 திர்ஹம். மற்ற நேரம் 4. நடுநிசி ஒரு மணி முதல் காலை 6 வரை இலவசம். அலுவலகம் போகிறவர் இலவச நேரத்தில் போவதில்லை. ஒரு வாயிலைப் போகவும் வரவும் கடந்தால் 26 நாளுக்கு 312 திர்ஹம். இரண்டு வாயில் என்றால் 624. பெற்றோல் மாதம் 400 திர்ஹம் என்று வையுங்கள். பார்க்கிங், காப்புறுதி, கார்த் தவணை எல்லாம் சேர்ந்தால் 1,700 திர்ஹம் மிச்சம் எங்கே போனது என்று தேட வேண்டி வரும்.

ஆகவே சார்ஜாவில் இருக்க நினைப்பவர் வீட்டைப் பார்க்கும் முன் பஸ் நிறுத்தத்தைப் பார்க்க வேண்டும். பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும் தூரத்தை ஜூலை மாதத்து வெயிலில் நடந்து பார்க்க வேண்டும். ஜனவரியில் வீடு பார்ப்பவருக்கு எல்லாம் பக்கத்தில் இருப்பதுபோல்தான் தெரியும்.

டுபாய்க்குள் எடுப்பவர் மெட்ரோ பாதையைப் பார்க்க வேண்டும். சிவப்புப் பாதை 2009 செப்டம்பர் 9இலும் பச்சைப் பாதை 2011 செப்டம்பர் 9இலும் திறக்கப்பட்டன. பச்சைப் பாதை டுபாய்ப் பக்கத்து அல் நஹ்தாவைத் தொட்டுப் போகிறது. இண்டர்நெஷனல் சிட்டிக்கு 30 கிலோமீற்றர் நீளமான நீலப் பாதை கட்டப்படுகிறது. 2029 செப்டம்பரில் திறப்பதாகத் திட்டம். பாதை வருமுன் வாடகை ஏறும் என்பது வியாபார வழமை. அங்கு நெடுநாள் இருக்க நினைப்பவர் இதையும் மனதில் வைக்கட்டும்.

தண்ணீர் எங்கே போகும்?

பாலைவனத்தில் வீடு எடுப்பவன் வெள்ளத்தைப் பற்றிக் கேட்பானா என்று சிரிப்பவர்கள் 2024 ஏப்ரல் 16ஐ மறந்துவிட்டார்கள். பதிவுகள் தொடங்கிய 1949க்குப் பின் அமீரகம் கண்டிராத மழை அன்று பெய்தது. அல் ஐன் பகுதியில் ஓரிடத்தில் 24 மணித்தியாலத்துக்குள் 254 மில்லிமீற்றர். டுபாயிலும் சார்ஜாவிலும் பல பகுதிகளில் வீதிகள் குளமாகின. கார்கள் மூழ்கின. சார்ஜாவில் சில தொடர்மாடிகளின் கீழ்த்தளங்களில் பல நாட்கள் தண்ணீர் நின்றது. மின்சாரமும் லிப்டும் இல்லாமல் மேல்மாடியில் இருந்தவர்களுக்குக் கயிற்றில் கட்டி உணவு அனுப்பிய படங்கள் நமது கைபேசிகளுக்கும் வந்தன.

மட்டக்களப்பு வாவிக்கரையில் பிறந்தவனுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. வாவியோரத்தில் மண் நிரப்பிய காணி விலைக்கு வந்தால், மாரியில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கும், எந்தப் பக்கம் வடியும் என்று கேட்ட பிறகுதானே நாம் விலை பேசுகிறோம். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்கள் நாம். முகத்துவாரம் வெட்டித் தண்ணீர் கடலுக்கு இறங்கும்வரை காத்திருந்தவர்கள். அதே கேள்வியை அங்கேயும் கேளுங்கள். தரகரிடம் கேட்க வேண்டாம். கீழே உள்ள பலசரக்குக் கடைக்காரரிடம் கேளுங்கள். 2024இல் தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தது என்று சுவரைக் காட்டிச் சொல்வார்.

ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருக்கட்டும்

டுபாயில் வாடகை ஒப்பந்தத்தை இஜாரி என்ற முறையில் பதிய வேண்டும். சார்ஜாவில் மாநகர சபையில் அத்தாட்சிப்படுத்த வேண்டும். அதற்குரிய கட்டணம் தனி. குடும்பத்தை அழைப்பவருக்கு இது மிக அவசியம். மனைவி பிள்ளைகளுக்கு விசா எடுக்கச் சம்பளம் 4,000 திர்ஹம், அல்லது தங்குமிடத்தோடு 3,000 திர்ஹம் இருக்க வேண்டும் என்பது 2019இல் வந்த விதி. பதிவு செய்த வீட்டு ஒப்பந்தமும் கேட்பார்கள்.

வாடகையை ஏத்துவதற்கும் சட்டம் உண்டு. டுபாயில் 2013ஆம் ஆண்டு ஆணைப்படி, உங்கள் வாடகை அந்தப் பகுதிச் சராசரியைவிட எவ்வளவு குறைவு என்பதைப் பொறுத்தே கூட்டலாம். அதுவும் 20 வீதத்துக்கு மேல் முடியாது. 90 நாளுக்கு முன் அறிவிக்கவும் வேண்டும். சார்ஜாவில் 2024இல் வந்த புதிய சட்டப்படி ஒப்பந்தம் தொடங்கி மூன்று வருடத்துக்கு வாடகை கூட்ட முடியாது. மூன்று வருடம் ஒரே இடத்தில் இருக்கப் போகிறவருக்கு இது பெரிய பாதுகாப்பு. சவூதியிலும் 2025 செப்டம்பரில் றியாத் நகர வாடகையை ஐந்து வருடத்துக்கு உயர்த்தக் கூடாது என்று நிறுத்தி வைத்தார்கள். அங்கே 2024 டிசம்பரில் மெட்ரோவும் ஓடத் தொடங்கியது. ஆகவே நான் மேலே சொன்ன கணக்கை றியாதில் இருப்பவரும் போட்டுப் பார்க்கலாம்.

அமீரகத்தில் வருட வாடகையைப் பல காசோலைகளாகத் திகதியிட்டு முன்கூட்டியே கொடுப்பது வழக்கம். கணக்கில் பணமில்லாமல் காசோலை திரும்பினால் முன்பு நேரே பொலிஸ் வழக்கு. 2022 ஜனவரி முதல் பெரும்பாலும் அது சிவில் நடவடிக்கையாகிவிட்டது. அதற்காக அலட்சியம் வேண்டாம். நீதிமன்றம் சொத்தை முடக்கலாம், பயணத்தைத் தடுக்கலாம். உம்மாவுக்குச் சுகமில்லை என்று ஊருக்கு வர நிற்கும்போது விமான நிலையத்தில் மறிபட்டால் என்ன செய்வது?

இனிக் கட்டில் வாடகை. ஒரு வீட்டைப் பலகையால் நாலு துண்டாக்கி ஆளுக்கொன்றாக விடுவதை நம்மவர்கள் பார்ட்டிஷன் என்பார்கள். டுபாய்ச் சட்டப்படி வீட்டுச் சொந்தக்காரரின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் மறுவாடகைக்கு விட முடியாது. அனுமதியில்லாத தடுப்புகளுக்கு எதிராக 2025 ஜூனில் அல் ரிக்கா, முரக்கபாத், சத்வா, பர்ஷா போன்ற பகுதிகளில் பெரிய நடவடிக்கை எடுத்தார்கள். சார்ஜாவில் 2020இல் அல் காதிஸிய்யாப் பகுதியிலிருந்து தனியாட்களை வெளியேற்றினார்கள். எனக்குத் தெரிந்த ஏறாவூர்ப் பையன் ஒருவன் நான்கு மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்து இப்படி ஒரு துண்டுக்குள் இருந்தான். ஒரு நாள் மாலை வேலை முடிந்து வந்தபோது பலகைகள் உடைக்கப்பட்டு, அவனது பெட்டி படிக்கட்டில் இருந்தது. பணம் வாங்கியவரின் கைபேசி அன்றோடு நின்றுவிட்டது. கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாதவன் யாரிடம் போய் முறையிடுவது? தனியாக இருப்பவருக்கு என் ஆலோசனை: கம்பனி தங்குமிடம் தந்தால் அது சோனாப்பூரானாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வேலைத்தலத்துக்குப் பக்கத்தில், ஒப்பந்தத்தில் உங்கள் பெயரும் பதியப்படும் இடமாக எடுங்கள். டுபாயில் கூட இருப்பவர்களின் பெயரைப் பதியும் முறை 2022இலிருந்து இருக்கிறது.

குடும்பமாக இருப்பவர் இன்னொன்றையும் பாருங்கள். 2022 முதல் சார்ஜாவில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பாடசாலை விடுமுறை. டுபாயில் வேலை செய்யும் வாப்பாவுக்கு வெள்ளியும் வேலை, பலருக்குச் சனியும் வேலை. பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாளில் அவர் இத்திஹாத் வீதியில் இருப்பார். இந்தக் கணக்குக்கு நான் விலை போடவில்லை. ஒவ்வொருவரும் தாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

மிச்சம் ஊருக்கு வருகிறதா?

மேலே சொன்ன 1,336 திர்ஹம் என்பது ஏறத்தாழ 364 டொலர். ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தால் மாதம் ஒரு இலட்சத்து ஒன்பதாயிரம் ரூபா. வருடத்தில் 13 இலட்சம். ஒரு வீட்டின் கூரை வேலையில் பெரும் பங்கை இது முடிக்கும். ஆனால் அந்தப் பணம் மாதாமாதம் தனியாக ஒரு கணக்குக்குப் போனால்தான் கூரை. சம்பளத்தோடு கலந்து கிடந்தால் அது கைபேசியாகவும் ஹோட்டல் சாப்பாடாகவும் கரைந்துவிடும். மணித்தியாலத்தையும் கொடுத்து, பணத்தையும் காணாமல் இருப்பவர்களை நான் அங்கே நிறையக் கண்டிருக்கிறேன். ஆகவே சார்ஜாவுக்குப் போகத் தீர்மானித்தவர், முதல் மாதத்திலிருந்தே வாடகை வித்தியாசத்தைச் சம்பள நாளன்று வங்கி மூலம் ஊருக்கு அனுப்பிவிட வேண்டும். உண்டியலில் வேண்டாம்.

கடைசியாக, ஊரில் இருக்கும் பெற்றோருக்கும் மனைவிமாருக்கும் ஒரு வார்த்தை. "பக்கத்து வீட்டுப் பையன் அஜ்மானில் பாதி வாடகைக்கு இருக்கிறானாம், நீ ஏன் இவ்வளவு கொடுக்கிறாய்" என்று தொலைபேசியில் கேட்பதை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். வாடகை எவ்வளவு என்று கேட்பது பிழையல்ல. அதோடு, காலையில் எத்தனை மணிக்கு வீட்டை விட்டு இறங்குகிறாய், இரவு எத்தனை மணிக்கு வந்து சேர்கிறாய், நித்திரை போதுமா என்றும் கேளுங்கள். அந்தப் பதில்களையும் சேர்த்து எழுதினால்தான் கணக்குச் சரிவரும்.